சிங்க்கின் அடியில் ஓர் இயந்திரம்

அம்மி போய் மிக்ஸி வந்தது. ஆட்டுக்கல் போய் வெட் கிரைண்டர் வந்தது. இரண்டையும் நம் வீட்டுப் பெண்கள் மனமார வரவேற்றார்கள். அதில் குறை காண யாருக்கும் உரிமையில்லை. அந்த வரிசையில் இப்போது நம் சமையலறைக்குள் நுழைந்திருப்பது சிங்க்குக்கு அடியில் தொங்கும் டிஸ்போஸர். இலையில் மிஞ்சியதையும் காய்கறித் தோலையும் அரைத்து, தண்ணீரோடு சேர்த்துச் சாக்கடைக்கு அனுப்பிவிடும் இயந்திரம். மும்பை, புணே, பெங்களூர், தில்லி என்று பரவி வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் இது வந்து வருடங்கள் ஆகிவிட்டன. சில வீடுகளில் வாங்கும்போதே பொருத்தியிருந்தது. சில வீடுகளில் அமெரிக்காவிலிருந்து வந்துபோகும் பிள்ளைகளின் யோசனையால் வந்தது.

எந்த இயந்திரமும் ஒருநாள் நிற்கும். நின்றபின் பிளம்பரைக் கூப்பிட்டால், "இது கரண்ட் வேலை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்" என்கிறார். எலெக்ட்ரீஷியனோ, "இது குழாய் வேலை, பிளம்பர்தான் பார்க்கவேண்டும்" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் பொறுமையிழந்த வீட்டுக்காரர் தாமே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார். இக்கட்டுரை அவருக்காக.

என் கருத்து மூன்று. ஒன்று, இந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள முடியும். பெரிய வித்தை எதுவும் இதில் இல்லை. இரண்டு, மின்சாரம் சம்பந்தப்பட்ட பகுதியில் மட்டும் இம்மியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மூன்று, பழையதைக் கழற்றி வைத்தபின், புதியதை மாட்டத்தான் வேண்டுமா என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். முதல் இரண்டையும் வாசகர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவதற்குச் சற்றுப் பொறுமை தேவை.

உள்ளே என்ன இருக்கிறது?

இதனுள் மிக்ஸி போலக் கூரான கத்திகள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. அடியில் மோட்டார், அதன் மேல் வேகமாகச் சுழலும் ஒரு தட்டு, தட்டின் மேல் அசைந்தாடும் இரண்டு உலோகத் துண்டுகள், சுற்றிலும் சொரசொரப்பான ஒரு வளையம். தட்டு சுழலும் வேகத்தில் உணவு விளிம்புக்கு வீசப்பட்டு, வளையத்தில் தேய்ந்து தூளாகிறது. தண்ணீர் அதை அடித்துச் செல்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து ரேஸின் நகரில் வாழ்ந்த ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-ல் உருவாக்கியது இது. 1935-ல் காப்புரிமை பெற்றார். 1938-ல் இதற்கென்றே கம்பெனி தொடங்கினார்.

கத்தி இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. விரலை நசுக்கக் கத்தி வேண்டியதில்லை.

நின்றதா, சிக்கிக்கொண்டதா?

மாற்றுவதற்கு முன்னால், இயந்திரம் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்ற முனகல் மட்டும் கேட்டுத் தட்டு சுழலவில்லையென்றால், உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் ஒரு டீஸ்பூன், மாங்கொட்டைத் துண்டு, அல்லது பாத்திரம் தேய்க்கும் கம்பிநார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இயந்திரத்தின் அடிப்பக்கம் நடுவில் உள்ள துளையில் ஆலன் கீயைச் செருகி இப்படியும் அப்படியும் திருப்பினால் தட்டு விடுபடும். சிக்கிய பொருளை இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், கையால் அல்ல.

சத்தமே இல்லையென்றால் அடியில் உள்ள சிவப்புப் பொத்தானைப் பாருங்கள். மோட்டார் சூடேறியிருந்தால் அது தானே வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்தினால் ஓடக்கூடும். அதற்கும் அசையவில்லை, அல்லது இயந்திரத்தின் அடிவயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்றால் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். அடியில் சொட்டுவது உள்ளே உள்ள ஸீல் போனதற்கு அடையாளம். தண்ணீர் மோட்டாரைத் தொடுகிறது என்று பொருள். அதன் பிறகு ஒரு தடவைகூட அதை ஓட்டக் கூடாது. "இன்றைக்கு மட்டும் ஓட்டிவிடலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம். ஈரமான தரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு சொல்லக்கூடிய வசனமல்ல அது.

முதலில் மின்சாரம்

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைப்பது இந்த வேலையில் பெரிய ஆபத்து. பல பழைய வீடுகளில் சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரல் ஒயரில் இணைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் சுவிட்சை அணைத்தபின் இயந்திரம் ஓடாது. ஆனால் அதனுள் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கி, கண்ணுக்குத் தெரியும்படி வெளியே எடுத்து வைக்க வேண்டும். அதோடு அந்தப் பகுதிக்கான எம்.சி.பி.யையும் இறக்கி, அதன்மேல் 'வேலை நடக்கிறது, தொடாதீர்கள்' என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட வேண்டும். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதே என்று நல்லெண்ணத்தோடு யாராவது ஏற்றிவிடக் கூடாதல்லவா?

இயந்திரத்துக்குப் பிளக்கே இல்லாமல் ஒயரை நேரே சுவரில் இணைத்திருந்தால், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை. ஒயரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இயந்திரத்தோடு வரும் கயிறு போன்ற ஒயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். ஆனால் மூன்று ஃபேஸ் இணைப்புள்ள கட்டடங்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ்; கறுப்புதான் நியூட்ரல். ஓரிடத்தில் உயிரில்லாத நீலம் இன்னோரிடத்தில் உயிரை வாங்கும். நிறத்தை நம்பாதீர்கள். டெஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் முதலில் வைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே மற்ற இடத்தில் சோதிக்க வேண்டும்.

எர்த் இணைப்பு இல்லாத பாயிண்டில் இந்த இயந்திரத்தை மாட்டவே கூடாது. மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு முள் துளையில் செருகும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. உலோக சிங்க், தண்ணீர், ஈரக்கை மூன்றும் கூடும் இடத்தில் அந்தச் சாமர்த்தியம் வேண்டாம். வீட்டில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் உடல் வழியே கசிந்தால் நொடிக்கும் குறைவான நேரத்தில் நிறுத்துவது அதுதான், சாதாரண எம்.சி.பி. அதைச் செய்யாது. அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி இறக்குவது என்பது வீட்டுத் தலைவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கக் கூடாது. சமையலறையில் அதிக நேரம் நிற்பவர் யாரோ அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் ஓடிப்போய் அவரைத் தொடக் கூடாது. மெயினை இறக்க வேண்டும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

மின்சாரம் போய்விட்டது என்று உறுதியானபின் மற்றதெல்லாம் பிளம்பர் வேலைதான். ஆனால் அதற்கும் முன் ஒரு கேள்வி: கடந்த ஓரிரு நாளில் அடைப்பு நீக்கும் பவுடர் எதையாவது சிங்க்கில் போட்டீர்களா? அதில் காஸ்டிக் சோடா இருக்கும். குழாய்க்குள் தேங்கியிருக்கும் அந்தத் தண்ணீர் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. போட்டிருந்தால் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்துதான் குழாயைத் திறக்க வேண்டும். பிளம்பர் வந்தால் அவரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து கிளம்புவது குளோரின் என்ற நச்சுவாயு.

அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, வளைவுக் குழாயைக் கழற்றுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் ஹோஸ் சேர்ந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். டிஸ்போஸரின் எடை மாடலைப் பொறுத்து ஐந்து கிலோவிலிருந்து பத்துக் கிலோவுக்கு மேலும் இருக்கும். கைகளால் தாங்கிக்கொண்டே கழற்ற முயல்வது முதுகுக்கும் நல்லதல்ல, முகத்துக்கும் நல்லதல்ல. கீழே ஒரு மணையையும் நாலு தடிமனான புத்தகங்களையும் அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, மேலே உள்ள வளையத்தைத் திருப்பினால் இயந்திரம் மெல்ல இறங்கும்.

புதியது அதே கம்பெனியின் அதே வகை மவுண்ட் உடையதாக இருந்து, பழைய விளிம்பில் கசிவும் இல்லையென்றால், சிங்க்கில் உள்ள வளையத்தை அப்படியே விட்டுவிடலாம். பாதி வேலை மிச்சம். இல்லையென்றால் அதையும் கழற்றி, பழைய புட்டியைச் சுரண்டித் துடைத்து, புதிய ரப்பர் வாஷர் வைத்து, மூன்று திருகுகளையும் மாற்றி மாற்றிச் சமமாக முடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் இறுக்கினால் ஒரு பக்கம் ஒழுகும்.

கடைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, சிங்க்கின் துளை. டிஸ்போஸருக்கு மூன்றரை அங்குலம், அதாவது சுமார் 90 மில்லிமீட்டர் வேண்டும். பழைய சிங்க்குகள் பலவற்றில் துளை சிறியது. இரண்டாவது, சுவரில் உள்ள கழிவுக்குழாயின் உயரம். புதிய இயந்திரம் பழையதைவிட நீளமாக இருந்து அதன் வாய் சுவர்க்குழாயைவிடத் தாழ்ந்துபோனால் தண்ணீர் எப்போதும் உள்ளே தேங்கி நாறும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தை இணைப்பதாக இருந்தால், டிஸ்போஸரின் அந்தத் துளையில் உள்ள பிளாஸ்டிக் அடைப்பை மாட்டுவதற்கு முன்பே தட்டி எடுத்துவிட வேண்டும்.

எல்லாம் பொருத்தியபின் சிங்க்கை மூடித் தண்ணீர் நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். ஒரு பொட்டு ஈரமும் இல்லை என்றால்தான் கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் செருகலாம்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளை வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ட், 60 சுழற்சி. இங்கே 230 வோல்ட், 50 சுழற்சி. நேரே செருகினால் புகைதான் வரும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் குறையும், சுழற்சி மாறாது. மோட்டார் மெதுவாக ஓடிச் சூடேறும்.

நம் சமையலும் இந்த இயந்திரமும்

இனி மூன்றாவது கருத்துக்கு வருகிறேன். இந்த இயந்திரம் பிறந்த ஊரின் சாப்பாடு வேறு, நம் சாப்பாடு வேறு. முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், வாழைப்பூ நரம்பு, கீரைத்தண்டு, புளிச்சக்கை, தேங்காய் நார், கரும்புச் சக்கை. இவற்றில் எதுவும் இதற்கு ஆகாது. நார்கள் தட்டைச் சுற்றிக் கயிறாகிவிடும். மிஞ்சிய சாதமாவது போகுமா என்றால், அது அரைபட்டுக் கஞ்சியாகிக் குழாயின் வளைவில் படிந்துவிடும். வதக்கிய எண்ணெயும் நெய்யும் குளிர்ந்ததும் உறைந்து அந்தப் படிவின்மேல் பூச்சுப் பூசும். ஆக, ஒரு தமிழ்ச் சமையலறையில் ஒருநாள் சேரும் கழிவில் இதில் நிம்மதியாகப் போடக்கூடியது கொஞ்சந்தான். மீதிக்கு எப்படியும் குப்பைக்கூடை வேண்டும். அப்படியிருக்க இதை எதற்காக வைத்திருக்கிறோம்?

இதை அதிகம் இயக்குபவர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் பாயிதான். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அடைத்துக்கொண்டால் அவர் கைதான் உள்ளே போகிறது. இயந்திரத்தை வைத்திருப்பதென்றால் ஒரு இடுக்கியைச் சிங்க்குக்கு மேலேயே மாட்டி வைத்து, பிளக்கைப் பிடுங்காமல் உள்ளே எதையும் விடக் கூடாது என்று அவர் மொழியில் சொல்லிக்கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

சாக்கடைக்குப் போனபின்?

கண்ணில் படாமல் போனது காணாமலே போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கியது தரைக்கடியில் எங்கோ படிகிறது. அடைப்பு ஏற்பட்டதும் சொசைட்டி செயலாளர் யாருக்கோ போன் செய்கிறார். ஒருவர் வருகிறார். மூடியைத் திறந்து இறங்குகிறார். உள்ளே அழுகிய கழிவிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு காத்திருக்கிறது.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்ச ரூபாய் தரவேண்டும் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் சொன்னது; 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்து பத்து வருடம் கழித்து இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது என்றால், சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படி இறங்குபவர்களில் தமிழ்நாட்டிலிருந்து நம்மைப் போலவே பிழைக்க வந்தவர்களும் உண்டு. அவர்கள் நம் சங்கத்தில் உறுப்பினராக இல்லாமல் இருக்கலாம், நம்மவர்கள்தான்.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. அரைத்த உணவுக்கழிவு சுத்திகரிப்பு நிலையம் வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அதிலிருந்து எரிவாயு எடுக்கலாம். குப்பை லாரியின் சுமையும் குறையும். நியூயார்க் நகரம் பல வருடங்கள் தன் பெரும்பகுதியில் டிஸ்போஸரைத் தடை செய்திருந்தது. ஆராய்ந்து பார்த்து 1997-ல்தான் அனுமதித்தது. ஆகவே இயந்திரமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுக் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. நல்ல சுத்திகரிப்பு நிலையம் உள்ள வளாகமானால் வைத்துக்கொள்ளுங்கள். செப்டிக் டாங்க் என்றாலோ, மழைக்காலந்தோறும் பொங்கும் பழைய சாக்கடை என்றாலோ வேண்டாம். எது என்று தெரியாவிட்டால் சொசைட்டியின் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். வர்ணம் பூசும் செலவைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிற கூட்டம் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

வேண்டாமென்று முடிவு செய்தவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். பழைய இயந்திரத்தைக் கழற்றிய அதே 90 மில்லிமீட்டர் துளையில், உள்ளே சல்லடைக் கிண்ணம் வைத்த சாதாரண வேஸ்ட் கப்ளிங் பொருந்தும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, விலையும் இயந்திரத்தின் விலையில் சிறு பங்குதான். கிண்ணத்தில் சேர்ந்ததை ஈரக் குப்பையில் கொட்டிவிட வேண்டியதுதான். மும்பை மாநகராட்சி 2017-லேயே பெரிய குடியிருப்புகளைத் தங்கள் ஈரக் குப்பையைத் தாங்களே உரமாக்கிக்கொள்ளச் சொன்னது. சொசைட்டி செய்யாவிட்டாலும் பால்கனியில் துளையிட்ட இரண்டு மண்தொட்டிகள் போதும். ஒரு பிடி கழிவுக்கு இரண்டு பிடி காய்ந்த இலையோ தேங்காய் நார்த் தூளோ போட்டுக் கிளறிக்கொண்டிருந்தால் நாற்றம் வராது. சில மாதங்களில் கறிவேப்பிலைச் செடிக்கு எரு கிடைக்கும். ஊரில் நம் பாட்டிமார் கொல்லையில் எருக்குழி வைத்துச் செய்ததுதான் இது.

ஒரு வேண்டுகோள்

நம் சங்கங்கள் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகின்றன, நடத்தட்டும். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டு வேலைக்கென்றும் ஒதுக்கலாம் என்பது என் யோசனை. ஃபியூஸ் போடுவது, ஆர்.சி.சி.பி.யைச் சோதிப்பது, கேஸ் ரப்பர் குழாயை மாற்றுவது, சிங்க்கின் அடிக்குழாயைக் கழற்றி மாட்டுவது. சங்க உறுப்பினர்களிலேயே ஓய்வுபெற்ற ரயில்வே ஃபோர்மன்களும் மின்வாரியப் பொறியாளர்களும் இருப்பார்கள். அவர்களை மேடையில் பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் கூப்பிடாமல், ஸ்பேனரோடு கூப்பிடுவோம். பையன்களோடு பெண்களும் மருமகள்களும் வரட்டும். வீட்டு வேலைக்கு வருபவர்களையும் அழைப்போம்.

கையால் செய்யும் வேலையை நாம் எத்தனை தலைமுறையாகவோ தாழ்வாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தின் கடைசிப் படியில்தான் சாக்கடைக்குள் இறங்குகிற மனிதர் நிற்கிறார். தன் வீட்டுக் குழாயைத் தானே ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தவர், அதில் எதைப் போடுவது என்று மறுநாள் முதல் யோசித்துத்தான் போடுவார்.